உருகுவதும் உருமாறுவதும்

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குப் பாறைச் சுழற்சி பாடம். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை, சுற்றிலும் அம்புக்குறிகள். "வட்டம்னா ஆரம்பம் எங்கம்மா?" என்று கேட்கிறான். பூமிக்கடியில் கல் சூட்டில் உருகி மறுபடி இறுகினால் அது உருமாறிய பாறை என்று சொல்லிக்கொடுத்தேன். சரிதானே? சுண்ணாம்புக்கல் அழுத்தம் தாங்கிப் பளிங்காவதுபோல மனிதர்களும் துன்பத்தில்தான் மெருகேறுகிறார்கள் என்று தோன்றியது. இதைப் பற்றி எழுதுங்கள். படிக்கப் புத்தகமும் சொல்லுங்கள்.

கே., தாம்பரம்

அன்புள்ள கே.,

போன வாரம் மின்சார ரயிலில் திரிசூலத்தைத் தாண்டும்போது அந்த மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீடு திரும்பினால் உங்கள் கடிதம்.

துன்பம், மெருகு எல்லாம் வேண்டாம். கல்லுக்கு வலிக்காது. அழுத்தத்தில் நொறுங்கிப்போனவர்களை எனக்குத் தெரியும், அவர்களிடம் போய்ப் பளிங்கைக் காட்டக் கூடாது. புத்தகம் இப்போதைக்கு எதுவும் வேண்டாம், கல்லைப் பாருங்கள்.

ஆனால் "உருகி மறுபடி இறுகினால்" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தீர்களே, அதை விட முடியாது. உருகி இறுகினால் அது தீப்பாறை. உருமாறிய பாறை கல் கல்லாகவே இருந்து மாறுகிறது. உருகு, உருமாறு என்று இரண்டு சொல்லும் காதுக்குப் பக்கம் பக்கமாக இருப்பதால் எத்தனை பேர் இப்படிக் குழப்பிக்கொள்கிறார்கள்! செங்கல் சூளையை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சை மண்கல் உள்ளே போகிறது, தண்ணீரில் கரையாத செங்கல் வெளியே வருகிறது. நடுவில் அது குழம்பாக ஓடவில்லை. சூடு மிஞ்சி உருகினால் கல்லெல்லாம் ஒட்டிக்கொண்டு கண்ணாடிபோல ஆகிவிடும், யாரும் வாங்க மாட்டார்கள். சுண்ணாம்புக்கல் பளிங்காவதும், களிமண் பாறை சிலேட்டாவதும், மணற்பாறை குவார்ட்சைட்டாவதும் இப்படித்தான். உள்ளே இருக்கும் துகள்கள் இருந்த இடத்திலேயே வேறு படிகங்களாகவோ பெரிய படிகங்களாகவோ வளர்கின்றன.

கொஞ்சம் உருகி, மீதி உருகாமல் நின்ற கல்லும் உண்டு. கறுப்பும் வெள்ளையுமாகச் சுழித்துக்கொண்டு, கிரானைட் என்று கடையில் விற்கிறார்களே, அதில் பல அந்த வகை. சமையல் மேடையில் பார்த்திருப்பீர்கள்.

என் பெரியப்பா பல்லாவரத்தில் கல் உடைத்தவர். மத்தியானச் சோறு கொண்டுபோவது என் வேலை. ஒருநாள் அவர் வரிசையாகக் குழி அடித்து, ஆப்பு வைத்து, சம்மட்டியால் மாற்றி மாற்றிப் போட்டார். சத்தம் மெல்ல மாறி, கல் இரண்டாக விட்டது. வெளியே பழுப்பேறிக் கிடந்த கல்லின் உள்முகம் கறுத்த நீலப்பச்சை. எண்ணெய் தடவிய மாதிரி பளபளப்பு. நான் உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தேன். "துடைச்சா போவாதுடா, அதுவே அப்படித்தான்" என்றார். கையைப் பார்த்தேன், காய்ந்திருந்தது.

அந்தக் கல்லின் பெயர் சார்னோகைட் என்று கல்லூரியில்தான் தெரிந்தது. பக்கத்தில் இருக்கும் திரிசூலம் மலையும் அதே கல்தான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே கல் என்று கண்டு, 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர். பெரியப்பா வாழ்நாள் முழுக்க அதைக் கருங்கல் என்றுதான் சொன்னார்.

அதன் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. குழம்பிலிருந்து இறுகிய தீப்பாறை என்றே ஹாலந்து நினைத்தார். தீப்பாறையாகப் பிறந்து, பிறகு 20 கிலோமீட்டருக்கும் கீழே கிடந்து உருமாறியது என்பது பின்னால் வந்த பலரின் கருத்து. அங்கே சூடு 700 டிகிரிக்கும் மேல். தண்ணீர் இருந்தால் கிரானைட் ஏறத்தாழ அந்தச் சூட்டிலேயே உருகத் தொடங்கிவிடும். சார்னோகைட் வறண்ட கல், அவ்வளவு எளிதில் உருகாது. காக்காப்பொன், அதாவது மைக்கா, தன் படிகத்துக்குள் நீரைக் கட்டிவைத்திருக்கும். அந்தச் சூட்டில் அது நிலைக்காது. நீரை இழந்து, அதன் இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் வளரும். சார்னோகைட்டுக்கு அடையாளமே அதுதான். கர்நாடகத்தில் கப்பல்துர்காவில் இந்த மாற்றம் பாதியில் நின்றிருப்பதைப் பார்க்கலாம். நீஸ் என்ற சாம்பல் நிற, வரிவரியான உருமாறிய பாறையில் விரிசல் ஓடிய வழியெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுத்திருக்கும். ஒரே கல்லில் இரண்டையும் ஒரு கையகலத்துக்குள் தொட்டுப் பார்க்கலாம்.

அப்புறம் அந்த அம்புக்குறிகள். ஆழத்தில் கிடந்த கல் இன்று ரயில் ஜன்னலில் தெரிகிறது என்றால், அதன் மேல் இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறை எங்கே? நிலம் மெல்ல மெல்ல உயர, மழையும் ஆறும் அதை அரித்து மணலாகவும் சேறாகவும் கொண்டுபோய்விட்டன. கன்னியாகுமரிக் கரையில் சிவந்த மணல் அள்ளியிருக்கிறீர்களா? அந்தச் சிவப்பு கார்னெட் என்ற கனிமம், உள்நாட்டு உருமாறிய பாறைகளிலிருந்து வந்தது. நாளை அது கடலடியில் படிவுப்பாறை ஆகலாம். திரிசூலத்துக் கல்லோ 250 கோடி ஆண்டாகியும் அடுத்த அம்புக்குறிக்குப் போகவில்லை. எல்லாக் கல்லும் வரிசையாக வட்டம் சுற்றி வருவதுபோல் படம் போட்டால் பிள்ளை ஆரம்பம் எங்கே என்றுதான் கேட்பான். நல்ல கேள்வி. அவனைத் திரிசூலத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்கு நாலு ஸ்டேஷன் தூரம்தானே. அதைத் தாண்டி இருக்கும் புனித தோமையார் மலைச் சார்னோகைட்டைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். புதிதாக உடைந்த முகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அவனைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் கல் சுடும்.