கியர் ராடு கைக்கு வர வேண்டும்: பழைய காரில் கியர் பாக்ஸ் மாற்றுவோருக்கான கேள்வி பதில்

பழைய காருக்கு வேறு கியர் பாக்ஸ் ஏற்றும் பேச்சு வந்தாலே பெல் ஹவுசிங், கிளட்ச் பிளேட், ஷாஃப்ட் நீளம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வேலையெல்லாம் முடிந்து சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் கியர் ராடு எங்கே முளைத்திருக்கிறது என்று தெரியும். அதனால் இந்த முறை ராடைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

மதுரை: சார், 1978 மார்க் 3 அம்பாசிடர். இசுசு 1800 என்ஜினையும் அதன் ஐந்து கியர் பாக்ஸையும் ஏற்றிவிட்டோம். இரண்டு, நான்கு போடும்போது ராடு முன்சீட்டில் இடிக்கிறது. சீட்டின் விளிம்பை வெட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

வெட்ட வேண்டாம் சார். இந்த என்ஜினையும் ஐந்து கியரையும் கம்பெனியே 90-களில் அம்பாசிடரில் ஃப்ளோர் கியராக, அதாவது ராடு தளத்திலிருந்து வரும்படி வைத்து விற்றிருக்கிறது. அந்த வண்டியின் ராடும், அது வெளியே வரும் தகட்டு மூடியும் கிடைக்கிறதா என்று முதலில் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கிடைக்காவிட்டால் ராடை முன்பக்கமாக வளைக்கலாம். ராடைக் கழற்றி, ரப்பர், நைலான் புஷ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் நெருப்பில் காட்ட வேண்டும். சில ராடுகளின் நடுவே அதிர்வு தாங்க ரப்பர் ஒட்டியிருக்கும். அந்த வகையைச் சூடு காட்டவே கூடாது, ரப்பர் உருகி ராடு ஆட ஆரம்பித்துவிடும். அடியில் ராடு ஆடும் பந்துக்கு அருகிலும் நெருப்பு போகக்கூடாது. பழுக்கக் காய்ச்சி மெதுவாக வளைத்து, தானாக ஆற விடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீரில் முக்கினால் அந்த இடம் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். நல்ல லேத் பட்டறைக்காரருக்கு இது தெரியும், ஆனாலும் பக்கத்தில் நின்று சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு வளைப்பது? நான்காவது கியரில் போட்டு, ராடின் தலையில் உள்ள குமிழுக்கும் சீட்டுக்கும் நடுவே மூடிய கை முட்டி நுழைய வேண்டும். முன்பக்கம் டாஷ்போர்டிலும் அதே இடைவெளி. அதற்கு மேல் வளைத்தால் கியர் போடும்போது குமிழ் மேலும் கீழுமாக ஏறி இறங்கும், கைக்குப் பிடிக்காது.

திருச்சி: ராடு ரொம்ப நீளம் அண்ணே, பஸ் ஓட்டுவது மாதிரி இருக்கிறது. நான்கு அங்குலம் வெட்டிவிடட்டுமா?

கணக்குப் போட்டுவிட்டு வெட்டுங்கள் தம்பி. ராடு ஆடும் பந்திலிருந்து குமிழ் வரை 300 மில்லிமீட்டர், பந்துக்குக் கீழே 50 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 6. மேலே 75 மில்லிமீட்டர் குறைத்தால் 4.5. கை போகும் தூரம் கால்வாசி குறையும், ஆனால் கை கொடுக்க வேண்டிய அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடும். பழைய கியர் பாக்ஸில், அதுவும் காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது, இது நன்றாகவே தெரியும். நான்கு அங்குலம் என்றால் இன்னும் அதிகம். முதலில் இரண்டு அங்குலம் குறைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிறகு வேண்டுமானால் இன்னும் வெட்டிக்கொள்ளலாம், வெட்டியதை ஒட்டுவதுதான் கஷ்டம்.

சென்னை: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. வேறு வண்டியின் ஐந்து கியர் பாக்ஸ் வைத்தோம். அதன் ராடு மிகவும் முன்னால் வந்ததால், பின்னால் ஒரு புது ராடு வைத்துக் கம்பியால் இணைத்தோம். இப்போது ஒன்று போட்டால் இரண்டு விழுகிறது, மூன்று போட்டால் நான்கு. கியர் பாக்ஸைத் திறக்க வேண்டுமா?

திறக்கவே வேண்டாம். கோளாறு முழுக்க வெளியேதான் இருக்கிறது. கியர் ராடு நடுவில் ஒரு பந்தில் ஆடுகிறது. குமிழை முன்னே தள்ளினால் அடிமுனை பின்னே போகும். இந்த ஒரு திருப்பத்தைக் கணக்கில் வைத்துத்தான் உள்ளே எல்லாம் அமைந்திருக்கிறது. நீங்கள் வைத்த புது ராடும் நடுவில்தான் ஆடுகிறது, அதன் அடிமுனையிலிருந்து கம்பி கிளம்பிப் பழைய குட்டை ராடின் தலைக்குப் போகிறது. ஆக, திருப்பம் இரண்டு முறை நடக்கிறது. நீங்கள் முன்னே தள்ள, உள்ளே அது பின்னே இழுத்ததாக ஆகிவிடுகிறது.

புது ராடின் ஆடும் புள்ளியை அதன் அடிமுனைக்கு இறக்குங்கள். கம்பியை அந்தப் புள்ளிக்கு மேலே, குமிழுக்கும் புள்ளிக்கும் நடுவில் மாட்டுங்கள். இப்போது குமிழ் போகும் திசையிலேயே கம்பியும் போகும். பக்கவாட்டு அசைவு உங்களுக்குச் சரியாக இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். மற்றவர்கள் கவனிக்க: கம்பி உருண்டு பக்கவாட்டு அசைவைக் கடத்தும் அமைப்பில், கம்பியின் முன்முனையில் உள்ள கை மேல்நோக்கி நிற்க வேண்டும். கீழே தொங்கினால் இடமும் வலமும் மாறிவிடும்.

இணைப்பு மொத்தத்தையும் கியர் பாக்ஸிலேயே பிடித்து மாட்டுங்கள், பாடியில் மாட்டாதீர்கள். ஏன் என்பது யாழ்ப்பாணத்துக்காரர் கேள்வியில் வருகிறது.

ஹெரால்டில் உங்களுக்கு இன்னொரு வசதி உண்டு. காருக்குள் கியர் பாக்ஸை மறைக்கும் மூடி உள்ளிருந்தே கழன்று வரும். பழையதை அப்படியே துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். புதிய ஓட்டைக்கு ஃபைபரில் வேறு மூடி செய்துகொள்ளுங்கள். வண்டலூரில் தயாரான இந்த வண்டிகளில் ஒழுங்காக மிச்சமிருப்பவை குறைவு, ஒரு மூடியைக்கூட வீணாக்கக் கூடாது.

யாழ்ப்பாணம்: ஐயா, எங்கட அப்பாவின்ர ஒஸ்ரின் ஏ40 சோமர்செற். ஸ்ரியரிங் கியரை (ஸ்டீயரிங் தூணில் உள்ள கியர் ராடு) எடுத்துப்போட்டு நிசான் கியர்பொக்ஸ் பூட்டினம். அக்சிலரேற்றரை அமத்தினால் மூண்டாவது கியர் கழண்டு நியூட்ரலுக்கு வருது. கியர்பொக்ஸ் பழுதோ?

இருக்கலாம் தம்பி, ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மூன்றாவது கியர் முன்பக்கம். ராடைச் சுற்றியுள்ள ரப்பரைக் கழற்றிவிட்டு, வண்டியை நிறுத்தி மூன்றில் போட்டு, ராடுக்கும் ஓட்டையின் முன்விளிம்புக்கும் நடுவே விரல் நுழைகிறதா பாருங்கள். பெரும்பாலும் நுழையாது. நிற்கும்போது கியர் முழுதாக விழுந்தது போலத்தான் தெரியும். அக்சிலரேட்டரை அழுத்தியதும் என்ஜினும் கியர் பாக்ஸும் அவற்றைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கில் முறுக்கி அசையும். பாடி அசையாது. ராடு விளிம்பில் முட்டி, பாடியே கியரை வெளியே தள்ளிவிடும். பாடியில் பூட்டிய இணைப்புக் கம்பியும் இதே வேலையைச் செய்யும்.

எல்லாக் கியரிலும் ராடைச் சுற்றி 20 மில்லிமீட்டராவது வெறும் இடம் வேண்டும். ரப்பர் விறைப்பாக இருந்தாலும் இழுக்கும், மெல்லிய மடிப்பு உள்ளதாகப் போடுங்கள். மவுண்டிங் ரப்பர் எண்ணெயில் ஊறிக் குழைந்திருந்தால் மாற்றுங்கள். இவ்வளவும் செய்து, ரப்பர் இல்லாமல் ஓட்டியும் கியர் கழன்றால்தான் பாக்ஸைப் பிரிக்க வேண்டும்.

காரைக்குடி: தாத்தா வாங்கிய அம்பாசிடர். முன்னால் மூன்று பேர் உட்கார்ந்து போவது எங்கள் வீட்டு வழக்கம். ஐந்து கியர் வேண்டும், ஆனால் ஸ்டீயரிங் கியர்தான் வேண்டும் என்கிறார் அப்பா. முடியுமா?

முடியும், ஆனால் நான் செய்யச் சொல்ல மாட்டேன். ஸ்டீயரிங் கியரின் அடியில் இரண்டு கைகள் இருக்கும். ஒன்று எந்த வரிசை என்று தேர்ந்தெடுக்கும், மற்றது கியரைப் போடும். மேலிருந்து ராடு நேராக இறங்கும் ஐந்து கியர் பாக்ஸில் இந்த இரண்டு வேலையும் ஒரே கம்பியில் நடக்கிறது. இரண்டையும் சேர்க்க முன்சக்கர இழுவை வண்டிகளில் வரும் இரட்டை கேபிளை வைக்கலாம். ஒரு கேபிள் கம்பியை உருட்டும், மற்றது முன்பின் தள்ளும். கேபிள் எங்கும் சுருக்கமாக வளையக் கூடாது, புகைக்குழாய் பக்கம் போகக் கூடாது, இரு முனையும் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் பழைய ஸ்டீயரிங் கியரின் அந்தக் கச்சிதம் கைக்கு வராது.

ஸ்டீயரிங் கியர்தான் வேண்டும் என்று அப்பா சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு. பழைய நான்கு கியர் பாக்ஸையே வைத்துக்கொண்டு, அடியில் தேய்ந்த புஷ்களையும் பின்களையும் எல்லாம் புதிதாகப் போடுங்கள். நியூட்ரலில் இரண்டு கைகளும் நேர்கோட்டில் நிற்கும்படி கம்பி நீளத்தைத் திருகிச் சரிசெய்யுங்கள். தொளதொளப்பு போய்விட்டால் ஐந்தாவது கியர் ஆசையும் பாதி போய்விடும்.

சேலம்: ஸ்டீயரிங் கியரை ஃப்ளோர் கியராக்கினால் ஆர்டிஓ ஆபீஸில் பிரச்சினை வருமா?

ஆர்.சி.யில் கியர் பாக்ஸ் எண் கிடையாது. என்ஜின் எண், சேஸிஸ் எண், எத்தனை பேர் உட்காரலாம் என்பவை உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரித்த கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எனவே என்ஜினும் சேர்த்து மாறினால் முன்அனுமதி வாங்குங்கள். பலர் மறப்பது சீட்டு. பெஞ்ச் சீட்டை எடுத்து இரண்டு தனி சீட்டு போட்டால் இருக்கை எண்ணிக்கை குறைகிறது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

50 வயது தாண்டிய வண்டிக்கு 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. வண்டி அசல் நிலையில், சேஸிஸ், பாடி, என்ஜினில் மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தளத்தை வெட்டிய வண்டிக்கு அங்கே கேள்வி வரும்.

புதுச்சேரி: ராடு ஓட்டை வழியாகச் சூடும் புகை நாற்றமும் வருகிறது.

ஒரு ரப்பர் போதாது. தளத்தோடு சேர்த்துத் தகட்டு வளையம் போட்டு அடியில் கெட்டி ரப்பர் ஒன்று, மேலே பார்வைக்கு லெதர் ஒன்று. புகை நாற்றத்தை ரப்பரால் மட்டும் மறைத்துவிடாதீர்கள். சைலன்சர் குழாய் இணைப்பில் கசிவு இருக்கும், அதை இன்றே பார்த்து அடையுங்கள்.

ஈரோடு: ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்கு இறக்கும்போது ரிவர்ஸ் பக்கம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ராடு உட்காரும் மேல்மூடியை நாங்களே செய்தோம்.

பயம் நியாயமானது. பல ஐந்து கியர் பாக்ஸில் ஐந்துக்கு நேர் பின்னால்தான் ரிவர்ஸ். நேரே இழுத்தால் அதில் விழாமல் தடுக்கும் தகடும் ஸ்பிரிங்கும் பல பாக்ஸ்களில் அந்த மேல்மூடிக்குள்தான் இருக்கும். மூடியைப் புதிதாகச் செய்பவர்கள் விட்டுவிடுவதும் அதைத்தான். என்ஜினை நிறுத்தி, ஐந்தில் போட்டு, ராடை நேராகப் பின்னே இழுத்துப் பாருங்கள். நியூட்ரலில் தட்டி நிற்க வேண்டும். அங்கே கையை விட்டால் ராடு தானாக மூன்று-நான்கு வரிசைக்கு வந்து நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள். பழைய மூடியைத் தேடி எடுத்து, அதில் உள்ள தகட்டையும் ஸ்பிரிங்கையும் அதே அளவில் புதியதில் பொருத்துங்கள்.