சூடேறியதும் நின்றுபோகும் டபுள் கெப்: கிராங்க் சென்சரை மாற்றுவதற்கு முன்

தெஹிவளை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பேலியகொடையிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் அவருடைய டீசல் டபுள் கெப், பேஸ்லைன் வீதி நெரிசலில் ஊர்ந்து வரும்போது திடீரென நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் ஆகிறது. கராஜில் ஸ்கேன் செய்தபோது பி0335 என்ற பழுதுக் குறியீடு வந்ததால் கிராங்க் சென்சரை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். பஞ்சிகாவத்தையில் பழைய சென்சர் ஒன்றை வாங்கிப் பூட்டலாமா என்று கேட்கிறார்.

பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு எந்த நிலையில், எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்பதை எஞ்சின் கணினிக்குத் தெரிவிப்பது இந்தச் சென்சர்தான். அந்தச் செய்தி நின்றால் டீசலை எப்போது தெளிப்பது என்று கணினிக்குத் தெரியாது. ஆகவே பெரும்பாலான எஞ்சின்கள் நின்றுவிடும். சில சென்சர்களுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுருளில் வெடிப்பு இருந்தால், சூட்டில் விரியும்போது தொடர்பு அறுந்து, ஆறியதும் மீண்டும் சேர்ந்துகொள்ளும். உங்கள் வாகனத்தின் அறிகுறி இதற்குப் பொருந்துகிறது. ஆனாலும் பி0335 என்பது அந்தச் சுற்றிலிருந்து சரியான சமிக்ஞை வரவில்லை என்று மட்டுமே சொல்கிறது; பழுது சென்சரிலா, எண்ணெய் இறங்கிய கனெக்டரிலா, எலி கடித்த வயரிலா என்பதை அது சொல்லாது.

ஆகவே வாகனம் நின்றிருக்கும் அந்த அரை மணி நேரத்திலேயே சோதிக்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் பழுதான சென்சரும் நல்ல அளவையே காட்டக்கூடும். வாகனத்தைப் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தியபின், ஸ்கேனரை இணைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். எஞ்சின் சுழல்வது காதில் கேட்டும் சுழல் வேகம் பூச்சியம் என்றே காட்டினால், பெரும்பாலும் சந்தேகம் சென்சர் சுற்றின் மீதுதான். வேகம் சரியாகக் காட்டி, ரெயில் அழுத்தம் (இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிரும் குழாயின் அழுத்தம்) மட்டும் ஏறாமல் இருந்தால், டீசல் ஃபில்டரையும் காற்று உள்ளே புகக்கூடிய டீசல் குழாய்களையும் பம்பையும் முதலில் பாருங்கள்.

சென்சர் இரண்டு வயர் கொண்டதென்றால், சாவியை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரால் அதன் தடையை அளந்து, உங்கள் எஞ்சினுக்குரிய கையேட்டின் அளவோடு ஒப்பிடலாம். சூட்டில் தடை சற்று உயர்வது இயல்பு; முடிவின்றிப் போனால் சுருள் அறுந்திருக்கிறது. மூன்று வயர் கொண்டதென்றால் அது பெரும்பாலும் ஹால் வகை, அதாவது கம்பிச் சுருளுக்குப் பதிலாக மின்னணுச் சில்லால் காந்தப்புலத்தை உணரும் வகையாகும். அதில் தடையை அளப்பது பயன்தராது, மின்வழங்கலும் எர்த்தும் சமிக்ஞையும் வருகின்றனவா என்றே பார்க்க வேண்டும். எந்த வகையானாலும் வயரைக் கணினி வரை தொடர்ந்து பாருங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டுச் சென்சரை மட்டும் மாற்றுவது வீண்செலவாக முடியலாம்.

பழைய சென்சரை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதுவும் எங்கோ ஒரு எஞ்சினின் சூட்டில் பல ஆண்டுகள் கிடந்ததுதான், கடையில் ஆறிய நிலையில் சோதித்துக் காட்டினாலும் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைக்காது. பஞ்சிகாவத்தைக்கே போங்கள்; ஆனால் சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து, உதிரிப்பாக இலக்கம் பொருந்துகிற புதியதையே கேளுங்கள்.

பூட்டும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும். பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பழைய சென்சர் இறுகியிருந்தால் நெம்பாமல், மெல்லத் திருப்பி எடுங்கள். அதன் காந்த நுனியில் இரும்புத்தூள் படிந்திருந்தால், துளையையும் துடைத்துவிட்டு, சென்சர் உணரும் பற்சக்கரத்தில் பல் ஏதும் சேதமாகியிருக்கிறதா என்று பாருங்கள். புதியதன் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தில் சிறிது எஞ்சின் எண்ணெய் தடவி, கையால் அமுக்கி உட்கார்த்த வேண்டும். போல்ட்டால் இழுத்து இறுக்கினால் பிளாஸ்டிக் காது உடையும். வயரைப் பழைய கிளிப்புகளிலேயே மாட்டி, சூடான குழாய்களிலிருந்து விலக்கி வையுங்கள்.

இறுதியாகக் குறியீட்டை அழித்துவிட்டு, வெறும் வாகனமாக அல்லாமல், வழக்கமான சுமையோடு மதிய வெயில் நெரிசலில் ஓட்டிப்பாருங்கள். அதன்பின் பி0016 வந்தால், அது கிராங்க் தண்டு, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஆகியவற்றின் நிலைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதைக் குறிக்கும். அப்போது வாகனத்தை மேலும் ஓட்டாமல் டைமிங் பெல்ட்டை அல்லது செயினைச் சோதிக்கக் கொடுங்கள்.