போனில் வைஃபை நன்றாக வருகிறது, வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் அடிக்கடி அறுந்துபோகிறது. மோடத்தை மாற்றிவிடலாமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: ஒரே மோடம், ஒரே வீடு. போனில் வீடியோ தடையில்லாமல் ஓடுகிறது. மேசைக் கம்ப்யூட்டரில் மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "இன்டர்நெட் இல்லை" என்று வந்து நிற்கிறது.

மோடத்தை மாற்றாதீர்கள். இதே வியாதியோடு ஐந்து மாதம் குடித்தனம் நடத்தியவள் நான்.

எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பம். பத்துப் பன்னிரண்டு கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மாதா மாதம் 11-ஆம் தேதி ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன், 20-ஆம் தேதி இன்னொன்று. மற்ற நாட்களில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும் நெட், 18, 19 வந்தால் போதும், சொல்லி வைத்தாற்போல் படுத்துவிடும். தளத்தில் கூட்டம் அதிகம், அதனால்தான் சுற்றுகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் நெட் கம்பெனிக்கு போன் போட்டேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்கள். மூன்றாவது தடவை, "உங்க பிளான் பத்தாது மேடம்" என்றார்கள். நானும் 50 எம்பிபிஎஸ்-லிருந்து 100-க்கு மாறினேன். போனில் பறந்தது. கம்ப்யூட்டரில் பழைய குருடி கதைதான்.

நான் செய்த தப்பு என்னவென்றால், நெட் எந்த இடத்தில் அறுகிறது என்று பார்க்காமலேயே வைத்தியம் பார்த்தது. வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. கம்ப்யூட்டரிலிருந்து மோடம் வரை வருவதுதான் வைஃபை. மோடத்திலிருந்து வெளியே போவது ஃபைபர் ஒயர். அதற்கப்புறம், நாம் அடிக்கிற தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கிறது. மூன்றில் எது போனாலும் திரையில் வருவது ஒரே மாதிரி செய்திதான்.

பிரித்துப் பார்ப்பது சுலபம். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று சேர்த்து அடியுங்கள். டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் இருப்பது உங்கள் மோடத்தின் முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 மாதிரி இருக்கும். அதே இடத்தில் உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி 169.254 என்று தொடங்கினால், மோடம் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை, கம்ப்யூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். சேமித்திருக்கும் வைஃபையை ஃபர்கெட் கொடுத்துவிட்டுத் திரும்பப் பாஸ்வேர்ட் போட்டுச் சேருங்கள். பலருக்கு அதிலேயே முடிந்துவிடும்.

முகவரி ஒழுங்காக இருந்தால், பிங் (ping) என்று அடித்து, இடைவெளி விட்டு மோடத்தின் முகவரி, மறுபடி இடைவெளி, ஹைஃபன், டி. எண்டர் தட்டினால், மோடம் பதில் தர எவ்வளவு நேரம் ஆகிறது என்று நொடிக்கு ஒரு வரி ஓடும். வீட்டுக்குள் 2, 3, 5 மில்லிசெகண்ட் என்று வந்தால் ஆரோக்கியம். இன்னொரு கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல் திறந்து, வெளியே இருக்கும் கூகுளின் டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8-க்கும் இதே மாதிரி ஓட விடுங்கள். நெட் போகும் நேரத்தில் இரண்டையும் பாருங்கள். மோடத்திடமிருந்து பதில் வருகிறது, 8.8.8.8 மட்டும் நிற்கிறது என்றால், கோளாறு வெளியே. அப்போது தாராளமாக லைன்மேனைக் கூப்பிடலாம். இரண்டிலிருந்தும் பதில் வருகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ். வைஃபை செட்டிங்கில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பாருங்கள். மோடத்திடமிருந்தே பதில் வரவில்லை என்றால், நெட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. போனில் நன்றாக வருகிறது என்று நீங்கள் சொல்வதால் உங்களுடையது இந்த மூன்றாவது ரகமாகத்தான் இருக்கும்.

எனக்கும் அதுதான். ஒரு 19-ஆம் தேதி ராத்திரி பிங்கை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். 4, 3, 180, 900, "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்", மறுபடி 600. மாரடைப்பு வந்தவர் ஈசிஜி மாதிரி. அந்த நேரத்தில் என் பையன் வந்து, பாட்டு ஏற்ற வேண்டும் என்று சிபியு பின்னாலிருந்த ஹார்ட் டிஸ்கைப் பிடுங்கிக்கொண்டு போனான். அடுத்த வரி 3. அதற்கடுத்தது 2. பிறகு வரிசையாக 3, 2, 2, 4. டேய், அதைக் கொண்டா என்று திரும்ப வாங்கிச் செருகினேன். 400, 700, டைம்ட் அவுட்.

டேலி என்ற கணக்கு மென்பொருளின் பேக்கப் எடுக்க ரிட்டர்ன் சமயத்தில் மட்டும்தான் அந்த டிஸ்கைச் செருகுவேன். யுஎஸ்பி 3.0, நீல நிற போர்ட். அதற்கு ஒட்டின மாதிரி அடுத்த ஓட்டையில் என் வைஃபை டாங்கிள், அதாவது கம்ப்யூட்டருக்கு வைஃபை பிடித்துத் தரும் சின்ன யுஎஸ்பி கருவி. யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது அதன் ஒயரும் பின்னும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் கிளப்பும். என் டாங்கிள் பேசுவதும் அதே 2.4-இல். இது ஊரறிந்த விஷயமாம். 2012-லேயே இன்டெல் நிறுவனம் இதை அளந்து விளக்கமாக எழுதி வெளியிட்டிருக்கிறது. எனக்குத்தான் ஐந்து மாதம் ஆனது. பிளானுக்குக் கூடுதலாகக் கட்டிய பணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, கணக்கு எழுதுகிறவளாக இருந்தும்.

டிஸ்க் இல்லாவிட்டாலும் டாங்கிள் இருக்கிற இடத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். நாம் எங்கே செருகுவோம்? சிபியு பெட்டியின் முதுகில். முன்னால் முழுக்க இரும்புத் தகடு, பின்னால் சுவர், மேலே மேசைப் பலகை. மோடம் ஹாலில் டிவி தலைமேல். நடுவில் இரும்பு பீரோ வேறு. போனைக் கையில் தூக்கிப் பிடித்திருக்கிறோம், டாங்கிளைப் பொந்துக்குள் வைத்திருக்கிறோம். போனில் வருவது கம்ப்யூட்டரில் வராததற்கு வேறு காரணம் வேண்டுமா? ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, டாங்கிளை மேசைக்கு மேலே கொண்டுவந்து மானிட்டர் பக்கத்தில் நிற்க வையுங்கள். கறுப்பு நிற யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகுங்கள். எனக்கு ஒரு புள்ளி காட்டிக்கொண்டிருந்த சிக்னல் மூன்று புள்ளி ஆனது.

மற்ற காரணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ், அதில் உங்கள் வைஃபை பெயரை இரண்டு முறை தட்டினால் பவர் மேனேஜ்மென்ட் என்று ஒரு பக்கம் இருக்கும். மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் நெட் போகிறது என்கிறவர்களுக்குப் பல சமயம் இதுதான். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய தொல்லை என்றால் அதே இடத்தில், பழைய டிரைவருக்குத் திரும்பும் ரோல் பேக் டிரைவர் இருக்கும். எல்லாம் பார்த்தும் ஆகவில்லை என்றால் மட்டும் நெட்வொர்க் ரீசெட்; அது வைஃபை பாஸ்வேர்டை எல்லாம் மறந்துவிடும், எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வைஃபை பெயரே கம்ப்யூட்டரில் தெரியவில்லை, போனில் தெரிகிறது என்றால் மோடத்தின் செட்டிங்கில் சேனல் எண்ணைப் பாருங்கள், வைஃபை பேசும் அலைவரிசையின் எண் அது. மோடம் தானாக 12 அல்லது 13-இல் போய் உட்கார்ந்திருக்கலாம். சில டாங்கிள்களுக்கு 11-க்கு மேல் கண் தெரியாது. மோடத்தில் 1, 6, 11 மூன்றில் ஒன்றை வைத்துவிட்டால் தீர்ந்தது. ஏன் இந்த மூன்று என்றால், 11 வரையுள்ள சேனல்களில் இவை மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நிற்கும். 2, 3, 4 என்று நடுவில் வைத்தால் இரண்டு பக்கத்து வீட்டுச் சத்தமும் நம்மேல் விழும். ஆடி மாதத்தில் மூன்று அம்மன் கோயில் மைக்செட்டும் ஒன்றாகப் பாடுகிற தெருவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய டாங்கிள் என்றால் மோடத்தில் பாதுகாப்பு டபிள்யூபிஏ 3 என்று மட்டும் இருந்தாலும் சேராது; டபிள்யூபிஏ 2-ம் சேர்ந்ததாக மாற்றுங்கள்.

இன்னொன்று, இது நெட் கோளாறே இல்லை, ஆனால் நெட் கோளாறு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஒருநாள் கரண்ட் போய் வந்ததிலிருந்து எந்தத் தளமும் திறக்கவில்லை. பிங் அழகாக ஓடுகிறது. மூலையில் தேதியைப் பார்த்தால் பல வருஷம் பின்னால் போயிருக்கிறது. மதர்போர்டில் இருக்கும் சின்ன வட்ட பேட்டரி, சிஆர் 2032, செத்துவிட்டது. தேதி தப்பாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று பிரௌசர் கதவைச் சாத்திவிடும். பேட்டரி எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

புதுச்சேரியில் காந்தி வீதிப் பக்கம் இருக்கும் என் சித்தி வீட்டுக் கதை வேறு. திண்ணை, முற்றம் வைத்த பழைய வீடு. ஒன்றரை அடி கனத்துக்குச் செங்கலும் சுண்ணாம்பும். மோடம் தெருப்பக்க அறையில், சித்தப்பாவின் கம்ப்யூட்டர் முற்றத்துக்கு அந்தப் பக்கம். புது மோடம் என்பதால் 5 கிகாஹெர்ட்ஸில்தான் இணைத்திருந்தார். அதுதான் வேகம் என்று யாரோ சொன்னார்களாம். வேகம்தான், ஆனால் சுவரைத் தாண்டுவதில் அது 2.4-ஐ விட நோஞ்சான். 2.4-க்கு மாற்றி, மோடத்தை முற்றத்தைப் பார்த்த ஜன்னலுக்கு நகர்த்தினோம். சுவரைத் துளைக்க முடியாதது முற்றத்து வெட்டவெளி வழியாகப் போய்ச் சேர்ந்தது. வீட்டைக் கட்டிய தாத்தாவுக்கு நன்றி.

சரி, கோளாறு வெளியேதான் என்று பிங் சொன்னால்? மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். லாஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபரில் வெளிச்சமே வரவில்லை. கம்ப்யூட்டரில் எதைத் தட்டினாலும் பயனில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம்!

ஆனால் புயல் இல்லாமலும் வரும். ஒருமுறை என் மாமியார் ஹாலைப் பெருக்கும்போது, மோடத்துக்குப் பின்னால் தொங்கிய மஞ்சள் ஒயரை அழகாக நாலாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்துவிட்டார். ஃபைபருக்குள் இருப்பது கண்ணாடி இழை; இறுக்கி மடித்தால் வெளிச்சம் வளைவில் கசிந்துவிடும். லைன்மேன் தம்பி வந்து வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைச் செருகினார், மைனஸ் 29 டிபிஎம் காட்டியது. "மைனஸ் 27-க்குக் கீழ போனாலே மக்கர் பண்ணும்க்கா" என்று சொல்லிக்கொண்டே ரப்பர் பேண்டைக் கழற்றி ஒயரைப் பெரிய வட்டமாகச் சுற்றி விட்டார். மைனஸ் 22. கிளம்பும்போது ரப்பர் பேண்டை மாமியாரிடமே பத்திரமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

கடலோரத்து ஆட்கள் மோடத்தின் பவர் அடாப்டரையும் ஒரு கண் பாருங்கள். தேவனாம்பட்டினத்தில் என் தோழி வீட்டில் மோடம் தானாக அணைந்து அணைந்து எரிந்தது. அடாப்டர் பின்னைக் கழற்றினால் உள்ளே பச்சையாகக் களிம்பு. உப்புக்காற்று செய்கிற வேலை. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் அப்படியே இருக்கிற மாதிரி புதிது வாங்கினால் போதும். வோல்ட் மாறக் கூடாது, ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது.

கடைக்காரர் வைஃபை பூஸ்டர் என்று ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார். அவசரப்பட்டு வாங்காதீர்கள். சாதாரண பூஸ்டர் ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அந்தக் காசுக்கு லேன் ஒயர் வாங்கலாம். மேசைக் கம்ப்யூட்டர் எங்கே எழுந்து நடக்கப் போகிறது? கேட் 6 ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும், நம் வீடுகளுக்கு 15 மீட்டரே அதிகம். நான் கடைசியில் அதைத்தான் செய்தேன். ஜன்னல் ஓரமாக இழுத்து நிலைப்படி மேல் ஆணி அடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட முடியாது என்பவர்களுக்கு எக்ஸ்டென்ஷன் ஒயரே போதும்.

இன்றைக்கு ராத்திரி பிங்கை ஓடவிட்டு, பின்னால் செருகியிருப்பதை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், ஒரு தடவைக்கு ஒன்று மட்டும். என்ன எண்கள் வந்தன என்று கீழே எழுதினால் மேற்கொண்டு பார்க்கலாம். டாங்கிள் மேல் எழுதியிருக்கும் மாடல் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.