பந்தயத்திலிருந்து வீட்டுக்கு வந்த கிரேஹவுண்டும் குடற்புழுவும்: கேள்வி பதில்

நீலகிரியிலும் பழனி மலையிலும் நாய் வளர்ப்போர் கேட்ட கேள்விகளுக்குக் குன்னூரில் பணிபுரியும் கால்நடை மருத்துவர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (கோத்தகிரி): பஞ்சாபில் கிராமப் பந்தயங்களில் ஓடிய நான்கு வயது ஆண் கிரேஹவுண்டைச் சென்ற மாதம் தத்தெடுத்தோம். வந்த அன்றே பூச்சி மாத்திரை ஒன்று கொடுத்தோம். ஆனாலும் விலா எலும்பு தெரிகிறது. மலம் இளகிக் கறுப்பாகப் போகிறது. புழு இன்னும் இருக்கிறதா, டாக்டர்?

பதில்: விலா எலும்பை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். நல்ல உடல்நிலையில் உள்ள கிரேஹவுண்டுக்கும் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரியும். பட்டினி கிடக்கிறது என்று எண்ணி அக்கம்பக்கத்தார் சோறு போடத்தான் செய்வார்கள். எனக்குக் கவலை தருவது கறுத்த மலம். கொக்கிப்புழு சிறுகுடலின் சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கும். ஓரிடத்தை விட்டு அடுத்த இடத்தைக் கவ்வும்போது பழைய காயத்திலிருந்து இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். அந்த இரத்தம் செரித்து வெளியேறுவதால்தான் மலம் கறுக்கிறது. பல நாய்களை ஒரே மண் தரையில் நெருக்கமாக அடைத்து வளர்க்கும் இடங்களில் இப்புழு எளிதாகப் பரவும்.

இரத்தப் பரிசோதனை செய்தால், அறிக்கையில் அச்சிட்டிருக்கும் இயல்பளவைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி. அளவு மற்ற நாய்களுக்கு ஏறத்தாழ 37 முதல் 55 விழுக்காடு வரை இருக்கும். கிரேஹவுண்டுக்கோ 50-ஐத் தாண்டியிருப்பதுதான் இயல்பு. ஆகவே 40 என்று வந்தால் ஆய்வகத்தின் கணக்கில் அது குறையே இல்லை, உங்கள் நாயோ கணிசமான இரத்தத்தை இழந்திருக்கும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஒரு மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். கடைகளில் கிடைக்கும் கூட்டு மாத்திரைகள் பலவும் பத்து கிலோ எடைக்கு ஒன்று என்ற கணக்கில் வருபவை. ஆண் கிரேஹவுண்டு முப்பது கிலோவைத் தொடும். ஒல்லியான தோற்றத்தைப் பார்த்து எல்லோரும் இருபது என்றே சொல்வார்கள். வீட்டில் எடை பார்க்க வழியில்லை என்றால் காய்கறி மூட்டை நிறுக்கும் தராசு மேடையில் நிற்க வைத்துப் பாருங்கள். மார்க்கெட்டில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

கேள்வி (உதகை): எடைக்குச் சரியாகத்தான் கொடுத்தோம். முதல் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை இருந்தது, பிறகு இல்லை, ஒரு மாதம் கழித்து மீண்டும் இருக்கிறது. மருந்து போலியா?

பதில்: மருந்தைக் குறை சொல்வதற்கு முன் வேறு மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் தசைகளில் உறங்கிக் கிடக்கும். குடலில் உள்ள புழுக்கள் மருந்தால் செத்து விழுந்தபின், அந்த இடத்தை நிரப்ப இவை ஒவ்வொன்றாகக் குடலுக்கு வந்து சேரும். உறங்கும் இளம்புழுக்களை வழக்கமான மாத்திரைகள் எட்டுவதில்லை என்பதால்தான் இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுக்கச் சொல்கிறோம். இரண்டாவது, உங்கள் தோட்டத்து மண்ணிலிருந்தே நாய் மீண்டும் புழுவைப் பெற்றிருக்கலாம். இளம்புழு வாய் வழியாக மட்டுமல்லாமல் பாதத்தின் தோலைத் துளைத்தும் நுழையும். மூன்றாவது, மருந்துக்குப் பழகிவிட்ட புழு. அமெரிக்காவில் பந்தயக் கிரேஹவுண்டுகளிடம் இருந்த கொக்கிப்புழுக்கள் வழக்கமான மூன்று மருந்து வகைகளையும் தாங்கி நிற்பதை ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்டார்கள். கொட்டில்களில் ஓயாமல் மருந்து கொடுத்து வந்ததே அதற்கு முக்கியக் காரணம். உங்கள் நாய் பஞ்சாபிலிருந்து வந்தது என்றால் அதற்கும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்கலாம்.

மருந்து கொடுக்கும் நாளில் மலத்திலுள்ள முட்டைகளை ஆய்வகத்தில் எண்ணச் சொல்லுங்கள். பத்து முதல் பதினான்கு நாள் கழித்து மீண்டும் எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று கொள்ளலாம். அப்போது எந்த மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மலத்தை மண் படாத பகுதியிலிருந்து சிறிதளவு எடுத்து, மூடியுள்ள சிறு டப்பாவில் அன்றைக்கே கொடுங்கள். தாமதமானால் குளிர்பெட்டியில் வையுங்கள். உறைய விட வேண்டாம்.

கேள்வி (குன்னூர்): இந்தக் குளிருக்குப் புழு தாங்குமா?

பதில்: உதகைப் பள்ளங்களில் டிசம்பர், ஜனவரியில் விழும் உறைபனி திறந்த புல்வெளியிலுள்ள கொக்கிப்புழுவின் இளம்புழுக்களைக் கொல்லக்கூடும். உருண்டைப்புழுவின் முட்டையை அது ஒன்றும் செய்யாது. அந்த முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நம் தேயிலைச் சரிவுகளின் நிழலும் ஈரமும் இளம்புழுவுக்கு ஏற்றவையே. மலத்தை அன்றாடம் அள்ளுவதுதான் வழி, ஏனெனில் முட்டை பொரித்துத் தொற்றும் நிலைக்கு வரச் சில நாட்களாவது ஆகும். நாய் கட்டும் இடத்தைச் சிமென்ட் தரையாக்கி, வெயில் படும்படி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி (கொடைக்கானல்): பூண்டும் வேப்பங்கொழுந்தும் அரைத்துக் கொடுக்கலாமா?

பதில்: பூண்டு வேண்டாம். அது நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஏற்கெனவே இரத்தம் இழக்கும் நாய்க்கு இது இரட்டைக் கேடு. வேப்பங்கொழுந்து கொடுத்துப் புழு போனதாக நான் எந்த நுண்ணோக்கியிலும் பார்த்ததில்லை.

கேள்வி (கூடலூர்): ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தைக் கொடுத்தால் வேட்டை நாய் இனங்கள் செத்துவிடும் என்கிறார்களே?

பதில்: அந்த ஆபத்து மரபுவழியாக அதிகம் காணப்படுவது கோலி (Collie) இனம் போன்ற மேய்ப்பு நாய்களில். கிரேஹவுண்டுக்கு எச்சரிக்கை தேவைப்படுவது தயோபென்டால் மயக்க மருந்தில்தான். அதற்காக மாட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தைக் கண்ணளவில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி (பெருமாள்மலை): வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. நாயின் படுக்கையில் அரிசி மணி போல ஏதோ காய்ந்து கிடக்கிறது.

பதில்: அது நாடாப்புழுவின் துண்டாக இருக்க வேண்டும். பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. நாடாப்புழுவுக்கான பிராசிகுவான்டெல் மருந்தைக் கொடுத்துத் தெள்ளையும் ஒழிக்காவிட்டால் திரும்ப வரும். குழந்தைக்கு இதைவிடப் பெரிய ஆபத்து உருண்டைப்புழு. அதன் முட்டை மண்ணோடு வாய்க்குள் போனால், இளம்புழு அரிதாகக் கண் வரை சென்று பார்வையைப் பாதிக்கும். கொக்கிப்புழுவிலும் ஆசியாவில் பரவலாக உள்ள சிலோன் வகை மனிதக் குடலிலேயே வளரும். குழந்தை தோட்டத்தில் செருப்பில்லாமல் விளையாட வேண்டாம். மண்ணைத் தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். நாய்க்கு அடுத்தடுத்த இரண்டு மலப் பரிசோதனைகளில் முட்டை இல்லை என்று தெரிந்தபின், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்தால் போதும். அது வெளியில் எலியையோ முயலையோ பிடித்துத் தின்கிறது என்றால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.