அப்டேட் முடிந்தது, கணினி எழும்பவில்லை: நுகர்வோர் கேள்வி-பதில்

கடைகளில் உதிரி பாகங்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக் கட்டிய கணினிகளைப் பற்றி நம் குமரி மாவட்டத்திலிருந்து கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. ஏறத்தாழ எல்லாவற்றிலும் முறையீடு ஒன்றுதான்: அப்டேட் ஆன பிறகு கணினி எழும்பவில்லை, கடைக்காரர் கையை விரித்துவிட்டார். கடிதங்களைச் சுருக்கியே தந்திருக்கிறேன்.

கேள்வி: கல்யாண ஆல்பம் வேலைக்காகக் கட்டிய கணினி, வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. இரவில் விண்டோஸ் அப்டேட் ஓடியது. காலையில் நீலத் திரையோடு நிற்கிறது. "அப்டேட்டால போனதுக்கு வாரண்டி கிடையாதுண்ணே, பார்மட் பண்ணணும், 1,500 ரூபாய் ஆகும்" என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா? (போட்டோ ஸ்டுடியோ உரிமையாளர், மார்த்தாண்டம்)

பதில்: கொடுக்காதீர்கள். பழுது எங்கே இருக்கிறது என்று பார்க்காமலேயே, எல்லாவற்றையும் அழிக்கும் பார்மட்டைச் சொல்பவரிடம் உங்கள் வாடிக்கையாளர்களின் படங்களை ஒப்படைக்க வேண்டாம்.

அப்டேட்டுக்குப் பின் நின்றுபோகும் கணினிகள் எல்லாவற்றையும் அப்டேட் கெடுப்பதில்லை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி பெரும்பாலும் இயங்கிக்கொண்டே இருப்பதால், நீங்கள் ஷட்டவுன் கொடுக்கும்போது கணினி முழுமையாக ஓய்வதில்லை. அதன் உள்நிலையை டிஸ்கில் சேமித்து வைத்து, மறுநாள் அதையே எடுத்துக்கொண்டு எழுகிறது. ரீஸ்டார்ட் கொடுக்கும்போதுதான் எல்லாம் முதலிலிருந்து ஏற்றப்படுகிறது. அப்டேட் செய்வது அதைத்தான், அத்தோடு கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்கான எஸ்.எஸ்.டி.யில் ஏராளமாக எழுதவும் செய்கிறது. நெடுநாளாகத் தளர்ந்துகொண்டிருந்த எஸ்.எஸ்.டி.யோ, தற்காலிக நினைவகமான ராமோ அந்த வேளையில் கைவிட்டுவிட, பழி அப்டேட்டின் மேல் விழுகிறது.

ஆகவே சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் எழும்பத் தொடங்கும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் பழுதுபார்க்கும் திரை தானே வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போய், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குங்கள். விண்டோஸின் புதிய பதிப்பே ஏறியிருந்தால், பழைய பதிப்புக்குத் திரும்ப வழக்கமாக 10 நாள் அவகாசம் உண்டு. இதில் சரியாகிவிட்டால் தவறு அப்டேட்டில்தான். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, ஆனால் பார்மட்டுக்கும் அவசியமில்லை.

சரியாகவில்லை என்றால் கணினியை இயக்கியதும் டெலிட் விசையை அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை நிரலான பயாஸுக்குள் போங்கள். அங்கே எஸ்.எஸ்.டி.யின் பெயர் தெரியவில்லை என்றால், அதைக் கழற்றித் திரும்பப் பொருத்தியும் தெரியவில்லை என்றால், பழுது பொருளில் இருக்கிறது. அப்போது வாரண்டி கிடையாது என்று சொல்ல அவருக்கு இடமே இல்லை, நல்ல எஸ்.எஸ்.டி.களுக்கு 3 அல்லது 5 ஆண்டு வாரண்டி உண்டு. பெயர் தெரிந்தும் எழும்பவில்லை என்றால், எஸ்.எஸ்.டி.யோடு கணினி பேசும் முறையைக் குறிக்கும் ஸ்டோரேஜ் அமைப்பு ஏ.எச்.சி.ஐ.யிலிருந்து ரெய்டுக்கோ வி.எம்.டி.க்கோ மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பயாஸ் அமைப்புகள் அழிந்து தொழிற்சாலை நிலைக்குப் போகும்போது இது நடக்கும். முன்பிருந்தபடி மாற்றி வைத்தாலே போதும். எதுவானாலும், எஸ்.எஸ்.டி.யை வேறொரு கணினியில் மாட்டிப் படங்களைப் பிரதி எடுத்த பிறகே மற்ற வேலைகள்.

ஸ்டுடியோவுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் அல்ல என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தன் பிழைப்புக்காகத் தானே உழைக்கும் சுயதொழில் செய்வோரை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.

கேள்வி: கணினியின் பாகங்களை இயக்கும் நிரல்களான டிரைவர்கள் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் புதுப்பித்து இந்தக் கோளாறுகளைத் தீர்ப்பதாகச் சொல்லும் மென்பொருள் 999 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (கருங்கல்)

பதில்: வாங்காதீர்கள்.

கேள்வி: மகளின் படிப்புக்காகக் கணினி வாங்கினோம். பயாஸ் அப்டேட் ஆனபின் நீலத் திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கிறது. எங்களுக்கு யாரும் எந்த எண்ணும் தரவில்லை. பூட்டை உடைக்க 3,000 ரூபாய் வேண்டும் என்கிறது விற்ற கடை. (ரப்பர் வியாபாரி, குலசேகரம்)

பதில்: ஐயா, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இது பிட்லாக்கர் என்னும் பாதுகாப்புப் பூட்டு. மதர்போர்டின் பயாஸ் மாறியதும், இது பழைய கணினிதானா என்ற ஐயத்தில் அது சாவியைக் கேட்கிறது. அந்தச் சாவி இல்லாமல் கடைக்காரரால் அதை உடைக்க முடியாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுப்பதற்குத்தான் 3,000 கேட்கிறார். உங்கள் மகளின் பாடக்குறிப்புகளும் அதோடு போய்விடும்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடும். சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படும். யாருடைய கணக்கு என்பதுதான் இங்கே கேள்வி. கணினியைத் தயார் செய்து கொடுக்கும் கடைப் பையன் வேலை முடிந்தால் போதும் என்று தன் மின்னஞ்சலையே போட்டுவிடுவதை இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி படிக்கிறேன். மகளின் கணக்கில் முதலில் தேடுங்கள். இல்லையென்றால் கடைக்கு நேரில் போய், கணினியைத் தயார் செய்தவரை உங்கள் முன்னாலேயே அவருடைய கணக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். திரையில் தெரியும் சாவி அடையாளத்தின் முதல் 8 எழுத்துகளும் கணக்கில் உள்ளவையும் ஒத்திருந்தால் அதுதான் உங்கள் சாவி. வாங்கியவரின் பூட்டுக்குச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அதைத் திறக்கக் கூலி கேட்பது சேவைக் குறைபாடு. அதைப் புகாராகவே கொடுக்கலாம்.

கேள்வி: அப்டேட் ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தேன். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. மதர்போர்டின் ஓரத்தில் டி-ராம் என்று எழுதிய இடத்தில் சிறு விளக்கு அணையாமல் எரிகிறது. வீடு கடலுக்குப் பக்கத்தில். (குளச்சல்)

பதில்: அந்த விளக்கு எரியும் கட்டத்தில் விண்டோஸ் இன்னும் தொடப்படவே இல்லை, ஆகவே விண்டோஸ் அப்டேட்டை விட்டுவிடுங்கள். ராமைத்தான் பார்க்க வேண்டும். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். ராமைக் கழற்றி அதன் அடிவிளிம்பில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பட்டைகளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். உப்புக்காற்று படும் வீடுகளில் அவை பளபளப்பு மங்கி, இடையிடையே பழுப்பேறி இருக்கும். பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, ஒரே ஒரு ராமை மட்டும் பிராசஸரிலிருந்து இரண்டாவதாக உள்ள இடத்தில், 'க்ளிக்' என்ற ஓசை கேட்கும் வரை அழுத்திப் பொருத்துங்கள். புதிய வகையான டி.டி.ஆர்.5 ராம் என்றால் முதல் முறை சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும், பொறுத்திருங்கள்.

கணினியைக் கடல் பார்த்த ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். துருவையும் அரிப்பையும் பெரும்பாலான வாரண்டி அட்டைகள் விலக்கியிருக்கின்றன. போர்டில் பச்சை பூத்துவிட்டால் கடைக்காரர் மறுப்பதில் நியாயம் உண்டு.

கேள்வி: அப்டேட்டுக்குப் பின் விண்டோஸ் லோகோ வந்ததும் தானே அணைந்து மீண்டும் எழுகிறது. மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். கேபினட்டோடு சேர்ந்து வந்தது. (தக்கலை)

பதில்: நண்பரிடம் ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். இரவல் வாங்கிப் பொருத்திப் பாருங்கள். அதுவே காரணமாக இருக்கலாம். கேபினட்டோடு இலவசம்போல் தரப்பட்ட ஒன்றை நானும் வாங்கி ஏமாந்திருக்கிறேன். 500 வாட் என்று ஒட்டியிருந்தது. கையில் எடுத்தால் காலிப் பெட்டியைப் போல எடையே இல்லை. அது போகும்போது மதர்போர்டையும் கொண்டுபோயிற்று. விற்றவர் பொறுப்பேற்க மறுத்துவிட்டார். பிராசஸருக்கு 15,000 கொடுப்பவர்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு 800 ரூபாயோடு நிறுத்திக்கொள்வதை இன்றும் பார்க்கிறேன், வருந்துகிறேன்.

கேள்வி: திருவனந்தபுரத்தில் 62,000 ரூபாய்க்குக் கணினி கட்டினேன். அப்டேட்டின்போது நின்றுவிட்டது, மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள். ஆனால் வாரண்டி தர மறுக்கிறார்கள். பில்லில் 'கம்ப்யூட்டர் - 1' என்று மட்டும் இருக்கிறது. (ஓய்வுபெற்ற ஆசிரியை, குழித்துறை)

பதில்: அம்மா, உங்களுக்கு நேர்ந்தது அநியாயம், இந்த ஒற்றை வரி பில்லைப் பற்றி எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்தாலும் இன்னொரு முறை எழுதத்தான் வேண்டும்.

நிறுவனம் தயாரித்து விற்கும் கணினிக்கு ஒரே வாரண்டி, பதில் சொல்லவும் ஒரே ஆள். கடையில் கட்டிய கணினிக்கோ பிராசஸருக்கு ஒரு நிறுவனம், மதர்போர்டுக்கு ஒன்று, ராமுக்கு ஒன்று, எஸ்.எஸ்.டி.க்கு ஒன்று என்று வாரண்டி பல கூறாகப் பிரிந்து கிடக்கிறது. பெட்டியில் வரும் பிராசஸருக்கு வழக்கமாக 3 ஆண்டு; அதே பிராசஸரைப் பெட்டியில்லாமல், 'டிரே' என்று சொல்லி மலிவாகத் தந்தால், தயாரித்த நிறுவனம் உங்களுக்கு நேரடியாகப் பதில் சொல்லாது. இத்தனை கூறுகளையும் உங்கள் பெயரோடு கட்டிப்போடுவது பில் ஒன்றுதான். ஒவ்வொரு பாகத்தின் பெயர், மாடல், சீரியல் எண், விலை, 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆகியவை அதில் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். இவை இல்லாதபோது, பழைய போர்டை மாட்டிக் கொடுத்தாலும், பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் மாற்றிவிட்டாலும் நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது. சீரியல் எண் எழுதக் கடைக்காரருக்கு ஐந்து நிமிடம் ஆகாது. எழுதாமல் விடுவது சோம்பலால் அல்ல என்றே நான் நினைக்கிறேன். பில் வேண்டாம் என்றால் விலை குறையும் என்று ஆசை காட்டும் கடையிலிருந்து அப்போதே வெளியேறிவிடுங்கள். விற்ற பொருளுக்கு பில் தராததும், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் சட்டப்படி முறையற்ற வணிகம். திரும்பப் பெறுவதற்கு பில்லில் கெடு குறிக்காவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது.

உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. பாகங்கள் வந்த அட்டைப்பெட்டிகளைத் தேடுங்கள். அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணும் மதர்போர்டில் உள்ளதும் ஒன்றாக இருந்தால் படம் எடுத்து வையுங்கள். பணம் செலுத்திய வங்கிப் பதிவையும் எடுங்கள். கடைக்கு ஸ்பீடு போஸ்டில், பதிவு வசதியோடு ஒரு கடிதம் அனுப்பி 15 நாள் கெடு கொடுங்கள்; 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அசையவில்லை என்றால், வாங்கியது கேரளத்தில் என்றாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பழுது உண்மையா என்பதைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தயங்காமல் போங்கள்.

கேள்வி: இடி மின்னலுக்கு இடையே பயாஸ் அப்டேட் போட்டேன், பாதியில் கரண்ட் போனது, இப்போது எதுவும் வருவதில்லை. யு.பி.எஸ். இல்லை. கடைக்காரர் புது மதர்போர்டு இலவசமாகத் தர வேண்டும் அல்லவா? (பூதப்பாண்டி)

பதில்: தர வேண்டியதில்லை. கரண்ட் நிற்காது என்ற உறுதி இல்லாதபோது பயாஸைத் தொடக்கூடாது என்று மதர்போர்டின் கையேடே எச்சரிக்கிறது. அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையில் யு.பி.எஸ். இன்றி உட்கார்ந்துவிட்டு, பழியைக் கடையின் மேல் போடுவது சரியல்ல. சரியாக ஓடிக்கொண்டிருந்த கணினிக்கு அந்த அப்டேட் எதற்கு என்பதையும் நீங்கள் எழுதவில்லை. போர்டின் பின்புறம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பென்டிரைவிலிருந்தே மீட்கலாம். இல்லையென்றால், பயாஸ் சிப்பை நேரடியாக எழுதும் கருவி வைத்திருக்கும் மதர்போர்டு சர்வீஸ் கடைக்குப் போங்கள். புதுப் போர்டு வாங்குவது அதற்குப் பிறகுதான்.

கேள்வி: விண்டோஸும் உபுண்டுவும் ஒரே கணினியில் வைத்திருக்கிறேன். நீண்ட இடைவெளிக்குப் பின் விண்டோஸை அப்டேட் செய்தேன். இப்போது உபுண்டு 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று சொல்லி நிற்கிறது. (பொறியியல் மாணவர், நாகர்கோவில்)

பதில்: தம்பி, 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட், உபுண்டு போன்ற லினக்ஸ் அமைப்புகளைத் தொடங்கிவைக்கும் பழைய பூட் நிரல்களைத் தடைசெய்தபோது, உங்களைப் போல் இரண்டும் வைத்திருந்த பலர் இதே செய்தியைப் பார்த்தார்கள். பிட்லாக்கர் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பயாஸில் நம்பகமான பூட் நிரல்களை மட்டும் அனுமதிக்கும் 'செக்யூர் பூட்' அமைப்பை அணைத்து, உபுண்டுவில் நுழைந்து, எல்லாவற்றையும் முழுமையாக அப்டேட் செய்துவிட்டு, 'செக்யூர் பூட்' அமைப்பை மறுபடி இயக்குங்கள். கடைக்குக் காசு கொடுக்கும் வேலை இதில் எதுவும் இல்லை.

கேள்வி: டி.டி.பி. வேலைக்கு வைத்திருக்கும் கோர் 2 டுவோ கணினியில் விண்டோஸ் 10 ஓடுகிறது. அதற்கு ஆதரவு முடிந்துவிட்டதாம். 800 ரூபாய் கொடுத்தால் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர். (திங்கள்சந்தை)

பதில்: போடாதீர்கள். 24எச்2 முதல் விண்டோஸ் 11 கேட்கும் சில பிராசஸர் கட்டளைகள் கோர் 2 டுவோவில் கிடையாது; என்ன குறுக்குவழி செய்தாலும் அது எழும்பாது. விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது உண்மைதான். ஆனால் உங்களுடையது 22எச்2 பதிப்பு என்றால், அப்டேட் பக்கத்தில் பதிவு செய்துகொண்டு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகளைப் பெறலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளை பேக்கப் செய்தால் அதற்குக் கட்டணமும் இல்லை.