மனைவிக்குப் புற்றுநோய் என்பதை 7, 4 வயதுப் பிள்ளைகளிடம் சொல்லலாமா?

சொல்லுங்கள். "வீட்டில் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை. காரைக்குடிப் பக்கம் ஒரு கூட்டு வீட்டில் இருந்துகொண்டு மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டவள், அவ்வளவுதான். அப்போது பையனுக்கு 6 வயது, பாப்பாவுக்கு 3.

நாங்களும் முதலில் மறைத்தோம். ஆபரேஷனுக்கு மதுரை போனபோது "அம்மா கல்யாணத்துக்குப் போறா" என்று சொல்லி வைத்தார்கள். பட்டுச்சேலை எடுக்காமல் கல்யாணத்துக்குப் போகிற அம்மாவைப் பையன் நம்பவே இல்லை.

திரும்பி வந்த பிறகு அவன் என் பக்கத்தில் வரவில்லை. அதற்கு முன்பெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முகப்பிலிருந்தே ஓடி வந்து, உட்கார்ந்திருக்கிற என் நெஞ்சில் தலையால் ஒரு முட்டு முட்டுவான். அது தினமும் நடக்கும். இப்போது தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆபரேஷன் செய்த இடத்தில் நீர் வடிவதற்காக வைத்திருந்த டியூபையும் அதன் டப்பாவையும் பார்த்துப் பயப்படுகிறான் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து ராத்திரி விளக்கை அணைத்த பிறகு காதருகில் வந்து கேட்டான்: "நான் முட்டுனதுனாலதான கட்டி வந்துச்சு?"

பார்க்க வந்தவர்களிடம் என் மாமியார் சொல்லிக்கொண்டிருந்ததுதான் அது. "இந்தப் பய மாடு மாதிரி முட்டி முட்டியே கட்டி விழுந்திருச்சு." மாமியாரைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். கீமோ முடிகிற வரை எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது அவர்தான். அடிபட்டால் கட்டி வரும் என்று எங்கள் பக்கம் எல்லாரும் நம்புவார்கள். அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது ஏற்கெனவே இருந்த கட்டி கையில் தட்டுப்படும், அதை வைத்துச் சொல்வது. அடிபடுவதால் புற்றுநோய் வராது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை அதை ஒரு வாரம் தனியாகச் சுமந்திருக்கிறான். அந்த வயதில் நடப்பதற்கெல்லாம் தான்தான் காரணம் என்று நினைப்பது பிள்ளைகளின் இயல்பு.

மறுநாள் காலையிலேயே நானும் இவரும் உட்கார்ந்து சொன்னோம். பேரையும் சொன்னோம், புற்றுநோய் என்று. நீ முட்டினதால் வரவில்லை, யார் செய்ததாலும் வரவில்லை, கட்டிப்பிடித்தால் ஒட்டாது, அம்மா மதுரைக்குப் போகிற நாளில் அப்பத்தா உன்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவார்கள். "செத்துருவியா?" என்று நேராகக் கேட்டான். "சாகாம இருக்கத்தான் மருந்து. ஏதாவது மாறினா உங்கிட்ட மறைக்க மாட்டேன்" என்றேன். சாகவே மாட்டேன் என்று சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் அவனுக்கு இரண்டு வேலை கொடுத்தேன். தினசரி காலண்டரில் தாளைக் கிழித்து, அடுத்த கீமோவுக்கு எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். 21 நாளுக்கு ஒரு தடவை எனக்கு. இன்னொன்று தெர்மாமீட்டர். கீமோ போட்டு ஒரு வாரம், பத்து நாளில் கிருமியை எதிர்க்கிற வெள்ளணுக்கள் ரத்தத்தில் இறங்கிவிடும், காய்ச்சல் 100.4 காட்டினால் எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எண்ணைப் பார்த்துச் சொல்வது மட்டும்தான் அவன் வேலை. கிளம்புவதா இல்லையா என்பது எங்கள் பாடு.

பாப்பாவிடம் தோற்றுப்போனேன் என்றே சொல்லலாம். முதல் கீமோ முடிந்து மூன்றாவது வாரத்தில் சீப்போடு முடி கொத்தாக வந்தது. வளவு முற்றத்தில் உட்கார்ந்து மழித்துக்கொண்டேன், பையன் கண்ணாடி பிடித்தான். பாப்பா இரண்டு நாள் என்னிடம் வரவில்லை. வந்தவர்கள் வேறு "எந்தக் கோயிலுக்கு முடி கொடுத்தீக, ஆச்சி?" என்பார்கள். பையன்தான் "மருந்துல விழுந்துச்சு" என்று பட்டென்று சொல்வான்.

எனக்குப் போட்ட மருந்துகளில் ஒன்று சிவப்பு. போட்ட பிறகு ஒரு நாள், ஒன்றரை நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். கக்கூஸுக்குப் பின்னாலேயே வந்த பாப்பா அதைப் பார்த்துவிட்டு ரத்தம் என்று அலறினாள். "ரத்தமில்லடி, ரோஸ்மில்க் மாதிரி மருந்து" என்று அவளை இழுத்துக்கொண்டு போனதும் அவன்தான்.

கக்கூஸ் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பத்துக்கு, பொது. கக்கூஸ் கடைசிக் கட்டுக்கும் பின்னால். வாந்தியும் மயக்கமுமாக இருக்கிறவள் மூன்று கட்டைத் தாண்டி நடக்க வேண்டும். இரண்டாங்கட்டில் ஓரமாக ஒன்று கட்டிக்கொள்கிறோம் என்று பங்காளிகளைக் கேட்டதற்கு, பழைய வீட்டின் அழகு கெட்டுவிடும் என்றார்கள். அதே வீட்டின் முகப்பை ஷூட்டிங்குக்கு விட்டு, பர்மா தேக்குத் தூணில் ஆணி அடித்தபோது யாருக்கும் அழகு கெடவில்லை. சரி, அது உங்கள் கேள்வி இல்லை.

"பிஞ்சு மனசில் பாரம் ஏற்றிவிட்டாய்" என்று கீழே வந்து எழுதப்போகிறவர்களுக்கு: இருக்கலாம். மூன்று வருஷம் ஆகிறது, நான் இருமினால் இன்றும் தெர்மாமீட்டரோடு வந்து நிற்கிறான். பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த வாரத்தை நீங்கள் பார்க்கவில்லை.

நீங்கள் இன்று ராத்திரி பெரியவனைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ளுங்கள். "பயமா இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். அம்மாவைப் பற்றி வீட்டில் யார் யார் என்ன பேசினார்கள் என்று கேளுங்கள்.