தினக்கூலி வருமானத்தில் வீட்டுச் செலவைக் குறைப்பது எப்படி?

வடசென்னையில் வாடகை வீடு, கணவருக்குத் தினக்கூலி, எதில் மிச்சம் பிடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

"ஒண்ணாம் தேதியே மளிகையை மொத்தமா வாங்கிப் போடு" என்பார்கள். மாதச் சம்பளக்காரர்களுக்குச் சரி. அன்றாடம் ஐம்பது ரூபாய்க்கு எண்ணெயும் கால் கிலோ பருப்பும் வாங்குகிற வீட்டில் அதற்கு முதல் ஏது? தண்டல் (தினமும் வட்டியோடு கட்டுகிற கடன்) வாங்கிச் செய்தால் மிச்சமெல்லாம் வட்டிக்கே சரியாகிவிடும்.

கொருக்குப்பேட்டையில் பல குடித்தனம் சேர்ந்து இருக்கிற எங்கள் ஸ்டோர் வீட்டில் மூன்று குடித்தனம் கூட்டுச் சேர்ந்து வாங்குகிறோம். எண்ணெய் டின்னாக வரும். மிளகாய், மல்லி, புளிக்குக் கொத்தவால்சாவடி. அங்கிருந்த காய்கறி மார்க்கெட் 1996லேயே கோயம்பேடு போய்விட்டாலும் மளிகை மொத்தக் கடைகள் அந்தப் பக்கம் இன்னும் இருக்கின்றன. 2021 முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, அதனால் போக்குவரத்துச் செலவும் கிடையாது. மிளகாயைக் காம்போடு வாங்குங்கள், விலை குறையும்; உட்கார்ந்து கிள்ளிக்கொள்ளலாம். புளியில் மட்டும் இந்தக் கணக்கு உதைக்கும். கொட்டைப் புளி மலிவாகத் தெரியும், ஆனால் கொட்டைக்கும் சேர்த்துத்தான் எடை. வாங்கிய அன்றைக்கே எல்லோர் முன்னாலும் பங்கு பிரித்துவிடுங்கள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்றால் சண்டைதான்.

ரேஷனில் 30 ரூபாய்த் துவரம்பருப்பையும் 25 ரூபாய்ப் பாமாயிலையும் எந்த மாதமும் விடாதீர்கள். பாமாயில் ஆகாது என்பவர்களோடு நான் வாதாட வரவில்லை. எங்கள் வீட்டில் அப்பளம் அதில்தான் பொரிகிறது.

மீனுக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பாதி ஊர் அங்கேதான் நிற்கும். வார நாளில் விடியற்காலையில் போய்க் காரப்பொடி, கவளை மாதிரிச் சின்ன மீனைக் கூறாக வாங்குங்கள். குழம்புக்கு வஞ்சிரத்தைவிட அதுதான் ருசி என்பது என் கட்சி. கூறில் மேலே இருக்கிற மீனைப் பார்த்து மயங்காமல் அடியில் கிடப்பதைப் புரட்டிப் பாருங்கள்: செவுள் சிவப்பாக இருக்கணும், விரலால் அழுத்தினால் குழி விழக்கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், விலை ஏறிவிடும். அதற்கு முன்பே கருவாடு வாங்கி வையுங்கள்.

கடைசியாகக் கரண்ட். தனி மீட்டர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் வேறு விலைப் பட்டியல். ஒரே யூனிட் கூடினாலும் பில் இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறும். பல குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் என்றால் எல்லோரும் சேர்ந்து சுலபமாகத் தாண்டிவிடுவீர்கள். வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை என்று வாங்கினால் அந்த இலவசம் உங்கள் கைக்கே வராது. அடுத்த வீடு பார்க்கும்போது அட்வான்ஸ் பேசுவதற்கு முன்னாடியே மீட்டர் தனியா என்று கேட்டுவிடுங்கள். வாடகை இருநூறு முந்நூறு கூட இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.